"விற்பவர் அறிந்தவரை": யார் அறிந்தது, எவ்வளவு அறிந்தது?

கம்பெனி விற்பனை ஒப்பந்தங்களில் வரும் "விற்பவர் அறிந்தவரை" என்ற வரியைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவை. கம்பெனியில் இன்ன கோளாறு இல்லை என்று விற்பவர் தரும் உத்தரவாதத்தை, அவருக்குத் தெரிந்த அளவோடு நிறுத்தும் வரி அது. பதில் சொல்பவர் இத்தகைய ஒப்பந்தங்களை எழுதிவரும் ஒரு வழக்கறிஞர்.

கேள்வி: சார், எங்கள் குடும்பக் கம்பெனியின் ஷேர்களை விற்கிறோம். வாங்குபவர் அனுப்பிய டிராஃப்டில், "அறிதல்" என்றால் உண்மையில் தெரிந்ததும், உரிய விசாரணை செய்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதும் என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

அந்த இரண்டாவது பாதியை அப்படியே விட்டுவிட்டுப் போடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் ஒன்று ஃபேக்டரி மேனேஜரின் மேஜையில் கிடக்கிறது, நீங்கள் பார்க்கவே இல்லை என்று வையுங்கள். முதல் பாதி மட்டும் இருந்தால் "எனக்குத் தெரியாது" என்று நிற்கலாம். இரண்டாவது பாதியும் சேர்ந்தால், "ஏன் கேட்கவில்லை?" என்பார்கள்.

வாங்குபவர் கேட்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டவருக்கு லாபம் போகக் கூடாது என்பது நம் சட்டத்துக்கும் பழக்கம்தான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 3-ஆம் பிரிவைப் பாருங்கள்: செய்ய வேண்டிய விசாரணையை வேண்டுமென்றே தவிர்த்தவரும் "தெரிந்தவர்" கணக்கில்தான் வருகிறார். ஆகவே விசாரணையே கூடாது என்று மல்லுக்கட்டாதீர்கள். "உரிய" என்பதை எடுத்துவிட்டு, யாரிடம் கேட்பீர்கள், எந்த ஃபைல்களைப் பார்ப்பீர்கள், எந்தத் தேதிவரை என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு சொல்லை வைத்தே இரண்டு பக்க வக்கீல்களும் வருடக்கணக்கில் வாதாடலாம். எங்களுக்கு நல்லதுதான், உங்களுக்கு அல்ல.

கேள்வி: கம்பெனிக்கு ஏது மனசு? இருநூறு பேர் வேலை செய்கிறார்கள். யாருக்குத் தெரிந்ததைக் கம்பெனிக்குத் தெரிந்ததாக எடுப்பது?

பேரத்தின் நடுப்புள்ளியே இதுதான். மேலே பேசிய சொற்களைவிட இந்தப் பட்டியலில்தான் பணம் இருக்கிறது. விற்பவர் இரண்டு டைரக்டர்களின் பெயரை மட்டும் போடுவார். அவர்கள் ஃபேக்டரிப் பக்கம் எட்டிப் பார்த்தே நாளாகியிருக்கும். கெட்ட செய்தி முதலில் போய்ச் சேருவது அக்கவுண்ட்ஸ், ஆலை, மனிதவளம் பார்ப்பவர்களிடம். வாங்குபவர் பக்கம் நான் இருந்தால் அந்த மூவரையும் சேர்க்காமல் விடமாட்டேன். விற்பவர் பக்கம் இருந்தாலும் அதற்கு மேல் நீட்டாமல் ஒப்புக்கொள்ளச் சொல்வேன். பெயருடன் பதவியையும் எழுதுங்கள். கையெழுத்துக்கும் பணம் கைமாறும் நாளுக்கும் இடையில் ஆட்கள் வேலையை விடுவார்கள்.

பட்டியலே இல்லையென்றால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 229-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வாதாடும். முகவர் தன் வேலையின்போது பெற்ற தகவல், அவரை அமர்த்தியவரே பெற்றதற்குச் சமம் என்கிறது அது.

கேள்வி: சார், அந்தப் பட்டியலில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் என்று என் பெயர் இருக்கிறது. கேஸ் வந்தால் என் வீட்டுக்கு ஆபத்தா?

பொதுவாக இல்லை. உத்தரவாதம் கொடுப்பவர் விற்பவர்; நீங்கள் அளவுகோல் மட்டுமே. "பட்டியலில் உள்ளவர்களுக்குத் தனிப்பட்ட பொறுப்பு இல்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உங்களிடம் கேட்கும்போது எழுத்தில் பதில் கொடுங்கள்.

கேள்வி: வரையறை ஒன்றும் இல்லாமல், வெறுமனே "அறிந்தவரை" என்று மட்டும் இருந்தால்?

இங்கிலாந்து வழக்கு ஒன்று சொல்கிறேன். கேம்பிரிட்ஜ்ஷயர் கவுண்டி கவுன்சிலிடம் வில்லியம் சிண்டால் என்ற கட்டுமானக் கம்பெனி நிலம் வாங்கியது. பிறகு நில விலை சரிந்தது, மண்ணுக்கடியில் யாருக்கும் தெரியாத சாக்கடைக் குழாய் ஒன்றும் கிடைத்தது. கவுன்சில் "அறிந்தவரை இல்லை" என்று சொல்லியிருந்த அந்தக் குழாயைக் காட்டி, வாங்கியவர்கள் ஒப்பந்தத்தையே ரத்து செய்யப் பார்த்தார்கள். 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: "அறிந்தவரை" என்பவர், நியாயமான அளவு தேடிப் பார்த்தேன் என்றும் சேர்த்தே சொல்கிறார். கவுன்சில் அப்படித் தேடியிருந்ததால் தப்பித்தது. ஆக, வரையறை இல்லாவிட்டால் விசாரணைக் கடமை பின்வாசல் வழியாக வரலாம்.

கேள்வி: விற்பவர் ஆவணங்களைப் பார்வைக்கு வைக்கும் டேட்டா ரூமிலேயே கோளாறைப் பார்த்துவிட்டோம். பேசாமல் வாங்கிவிட்டு அப்புறம் கிளெய்ம் போடலாமா?

எந்த நாட்டுச் சட்டம் என்பதைப் பொறுத்தது. நியூயார்க்கில் 1990-இல் சி.பி.எஸ். வழக்கில் வாங்கியவர் ஜெயித்தார்: கணக்கில் சந்தேகம் இருந்தும் உரிமையை விடாமல் முடித்த பேரம் அது; உத்தரவாதத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன் என்ற வாதம் எடுபட்டது. இந்தியாவில் நான் துணிய மாட்டேன். தவறான தகவலை வைத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்டால், சாதாரணக் கவனத்துடன் உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருந்ததா என்று ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கேட்கும். நஷ்டஈடு வேறு விஷயம். ஆனாலும் "வாங்குபவருக்கு என்ன தெரிந்திருந்தாலும் உரிமை குறையாது" என்று எழுதி வாங்குங்கள். விற்பவர் நேர்மாறாக எழுதச் சொல்வார். அப்போது வாங்குபவரின் "அறிதலுக்கும்" ஒரு பட்டியல் போட வேண்டிவரும்.

கேள்வி: எல்லா உத்தரவாதத்திலும் "அறிந்தவரை" போட்டுவிட்டால் என்ன?

வாங்குபவர் எழுந்து போய்விடுவார். ஷேர் உங்களுடையதா என்பதற்கு "அறிந்தவரை என்னுடையது" என்று யாராவது சொல்வார்களா? வரப்போகிறது என்று பேச்சளவில் இருக்கும் வழக்குகள், அடுத்தவர் உங்கள் டிரேட்மார்க்கைத் திருடுவது போன்றவற்றுக்குப் போடுங்கள்.

கேள்வி: "தெரியாது" என்று சாதித்துவிட்டால் யார் நிரூபிப்பது?

வாங்குபவர்தான். ஆனால் இமெயிலும் போர்டு மினிட்ஸும் பேசும். ரேன்பாக்ஸி என்ற மருந்துக் கம்பெனியை 2008-இல் ஜப்பானின் தாயிச்சி சாங்கியோ வாங்கியது. உள்ளுக்குள் தயாரான ஓர் அறிக்கையை விற்றவர்கள் மறைத்ததாக சிங்கப்பூர் நடுவர் மன்றம் 2016-இல் முடிவு செய்தது. தீர்ப்புத் தொகை ஏறக்குறைய 2,562 கோடி ரூபாய். 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை வசூலிக்க வழிவிட்டது. தெரிந்தே மறைத்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி அது மோசடி. "அறிதல்" வரையறையை எவ்வளவு குறுக்கி எழுதியிருந்தாலும் அங்கே உதவாது.