புருஷன் அடிக்கிறார்னா ஸ்டேஷன்ல என்ன, கோர்ட்ல என்ன: கேட்டீங்க, சொல்றேன்

மகளிர் கோர்ட் பக்கம் ரொம்ப வருஷமா வக்கீலா இருக்கேன். நேத்துலேர்ந்து வந்த கேள்விகளுக்கு பதில், நம்ம நாட்டு சட்டப்படி.

கேள்வி: மேடம், மகளிர் ஸ்டேஷன்ல கவுன்சிலிங்னு மூணு தடவை கூப்ட்டு அனுப்பிட்டாங்க, எஃப்.ஐ.ஆர் போடல.

புகாரை வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்குற சி.எஸ்.ஆர் ரசீது வாங்குனீங்களாம்மா? அது இல்லேன்னா நாளைக்கு நீங்க வரவே இல்லம்பாங்க. கணவன் மனைவி தகராறுல எஃப்.ஐ.ஆருக்கு முன்னாடி விசாரிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டோட 2013 லலிதா குமாரி தீர்ப்புல இருக்கு, அதை வச்சிதான் இழுக்குறாங்க. அப்பவும் போடலேன்னா எஸ்.பி.க்கு தபால்ல புகார், அதுக்கும் அசையலேன்னா மாஜிஸ்திரேட்.

கேள்வி: எஃப்.ஐ.ஆர் போட்டா உடனே உள்ள தள்ளுவாங்களா?

பெரும்பாலும் இல்ல. புருஷன் வீட்டுக் கொடுமைக்கான பழைய இ.பி.கோ 498ஏ தான் இப்ப பி.என்.எஸ்ங்குற புது தண்டனைச் சட்டத்துல பிரிவு 85, தண்டனை 3 வருஷம் வரைக்கும். சுப்ரீம் கோர்ட்டோட 2014 அர்னேஷ் குமார் தீர்ப்புக்கு அப்புறம் காரணம் எழுதாம கைது பண்ண முடியாது, மொதல்ல நோட்டீஸ்தான்.

கேள்வி: அப்ப இன்னிக்கு ராத்திரி அடி விழாம இருக்க என்னக்கா வழி?

இன்னிக்கேன்னா போலீஸ் அவசர உதவி 112, இல்ல பெண்கள் உதவி எண் 181. நாளைக்கே சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலரைப் பாருங்க, அவங்க உங்க சம்பவ அறிக்கையை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவாங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு கேட்டு பிரிவு 12 மனு, மூணு நாளுக்குள்ள மொத வாய்தா, 60 நாளுக்குள்ள முடிக்கணும்னு பேரு, நடக்குறது வேற கதை. அதனால இடைக்கால உத்தரவு கேளுங்க, பிரிவு 23ல அவர் வராமலேயே குடுக்கலாம். சில வக்கீலுங்க இதைக் கேக்காமலே மெயின் மனுவ மட்டும் போட்டு வாய்தா வாய்தாவா ஓட்டுவாங்க, எனக்கு அதுலதான் கோவம் வரும்.

கேள்வி: ஆர்டர் வாங்கியாச்சு, அப்பவும் வாசல்ல வந்து கத்துறார்.

இப்பதான் போலீஸ் கையில நெஜமான ஆயுதம் இருக்கு. பாதுகாப்பு உத்தரவை மீறுனா பிரிவு 31, ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட போடலாம், ஜாமீனை உரிமையா கேக்க முடியாத குற்றம், உங்க சாட்சி ஒண்ணே போதும்னு கோர்ட் முடிவு பண்ணலாம். ஆனா காப்பி கையில இருக்கணும். என் கட்சிக்காரம்மா ஒருத்தங்க ராத்திரி 11 மணிக்கு ஸ்டேஷன்ல நிக்கிறாங்க, ஆர்டர் பீரோவுக்குள்ள, பீரோ சாவி அவர்கிட்ட! எஸ்.ஐ. "காட்டுங்கம்மா"ன்னா எதைக் காட்டுறது? மூணு நகல் எடுங்க, ஒண்ணு அம்மா வீட்ல, ஒண்ணு போன்ல போட்டோவா.

கேள்வி: வீடு மாமியார் பேர்ல, வெளிய போங்குறாங்க.

சேர்ந்து குடியிருந்த வீடுன்னா பேர் யாருதா இருந்தாலும் வசிக்குற உரிமை கேக்கலாம், 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

கேள்வி: நான் இப்ப அம்மா ஊர்ல.

மனுவ அங்கயே போடலாம். தற்காலிகமா தங்குற இடமும் செல்லும்.

கேள்வி: ஃபீஸ் குடுக்க வழியில்ல மேடம்.

பொண்ணுங்களுக்கு வருமானமே பாக்காம இலவச வக்கீல். மாவட்ட கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க.