ஒரு ரேடியோ வாரம் முழுக்க ஜாஸ், ப்ளூஸ் போட்டு எப்படி ஓட்டுது?

அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ங்கிற ஊர்ல டபிள்யூ டபிள்யூ ஓ இசட் 90.7 எஃப்எம்னு ஒரு கம்யூனிட்டி ரேடியோ, 1980ல ஆரம்பிச்சது, அத வச்சே சொல்றேன். டிஜேக்கள் எல்லாம் சம்பளம் வாங்காத வாலன்டியர்ங்க, என்ன பாட்டு போடணும்னு அவங்களே முடிவு பண்றாங்க, அதான் விஷயமே. வார நாள்ல காலைல பழைய டிரெடிஷனல் ஜாஸ், மத்தியானம் ப்ளூஸ், புது ஜாஸும் உண்டு, ஞாயித்துக்கிழமை காலைல காஸ்பல்னு சர்ச் பக்திப் பாட்டு. நடுநடுவுல இன்னிக்கு ராத்திரி ஊர்ல யார் எங்க வாசிக்கிறாங்கன்னு லிஸ்ட் படிப்பாங்க, எனக்கு பாட்ட விட அதுதான் புடிக்கும். ஆரம்பத்துல டிபிடினாஸ்ங்கிற மியூசிக் கிளப்புக்கு மேல்மாடில இருந்தாங்க, தரைல ஓட்டை வழியா மைக்க கீழ இறக்கி கச்சேரிய அப்படியே லைவ்வா விட்டாங்களாம்! காசு பெரும்பாலும் கேக்குறவங்க குடுக்குற நன்கொடைதான்.