நோன்பில் விரல் குத்தி சுகர் பார்க்கலாமா?

முறியாது. தாராளமாகப் பாருங்கள். நம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப்தான் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று). அதில் ஹிஜாமா (தோலைக் கீறி உறிஞ்சும் சிகிச்சை) செய்து ரத்தம் எடுத்தால்கூட நோன்பு முறியாது. ஒரு சொட்டுக்கு ஏன் பயம்?

உம்மாவுக்கு அஸர் (பிற்பகல் தொழுகை) வாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை இறங்கியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை வழக்கமான அளவிலேயே சஹரில் (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டில்) போட்டுவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால் இப்படி ஆகும். டாக்டர் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்த முறை நடுக்கம் வந்த நிமிடமே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் நோன்பு திறக்கும் மஃரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தாலும் நோன்பை விட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 300-ஐத் தாண்டினாலும் நோன்பை விட வேண்டியதுதான். எங்கள் வாப்பா "பாங்கு சொல்லட்டும்" என்று பிடிவாதம் பிடித்து, கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சரிந்து விழுந்தார்.

நோன்பு திறந்ததும் வாடாவும் சமோசாவுமாக அடுக்காதீர்கள். ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி போதும். சஹரைக் கடைசி நேரத்துக்குத் தள்ளுங்கள்.

மாத்திரை அளவை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் நோன்பு வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். உம்மா கேட்கவில்லையென்றால் குர்ஆனில் அல்பகரா 184-ஐ எடுத்துக் காட்டுங்கள்: நோயாளி விட்ட நோன்பை வேறு நாட்களில் களா செய்யலாம் (ஈடாக வைக்கலாம்). தீராத நோயென்றால் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவு. அதன் அளவை உங்கள் பள்ளி ஆலிம் சொல்வார்.