டாஸுக்கு முன்பே போடப்படும் டாஸ்: கேள்வி பதில்

சென்னை லீக்கில் பல ஆண்டுகள் ஆடி, பிறகு நடுவராகவும் நின்றவன் நான். டெஸ்ட் போட்டியின் முதல் காலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டாஸின் முடிவு தெரிந்த பிறகு ஆடும் லெவனைத் தேர்ந்தெடுத்தால் என்ன? (ஈரோடு)

விதி இடம் கொடுக்காது. டாஸுக்கு முன்பே பெயர்களை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு ஒருவரை மாற்ற எதிரணிக் கேப்டன் சம்மதிக்க வேண்டும். 2009 ஆஷஸில் (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடர்) எட்ஜ்பாஸ்டனில் டாஸ் முடிந்த பின், பயிற்சியின்போது ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் பிராட் ஹாடினின் விரல் முறிந்தது. இங்கிலாந்து கேப்டன் ஸ்ட்ராஸ் பெரிய மனதோடு சரி என்றதால் கிரஹாம் மனு உள்ளே வந்தார். மனு ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான்.

அதே மைதானத்தில் 2005-இல் நடந்தது வேறு. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மெக்ரா பயிற்சியின்போது ஒரு பந்தின் மேல் கால் வைத்துக் கணுக்காலைத் திருகிக்கொண்டார். அப்போது டாஸ் போடவில்லை. யார் அனுமதியும் தேவைப்படவில்லை. காஸ்ப்ரோவிச் சேர்க்கப்பட்டார். தலைசிறந்த பந்துவீச்சாளர் இல்லாத நிலையிலும் கேப்டன் பாண்டிங் டாஸ் வென்று பந்துவீச்சையே கேட்டார். முதல் நாளிலேயே இங்கிலாந்து 407. கடைசியில் ஆஸ்திரேலியா தோற்றது இரண்டே ரன்களில்; கடைசியாக ஆட்டமிழந்தவர் காஸ்ப்ரோவிச்.

2024-இல் பெங்களூருவில் நியூசிலாந்திடம் 46 ரன்களுக்குச் சுருண்டோமே, கேப்டன் ரோஹித் பேட்டிங் எடுத்ததுதானே முழுக் காரணம்? (நாமக்கல்)

எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆடுகளத்தைத் தவறாகக் கணித்துவிட்டேன் என்று ரோஹித்தும் ஒப்புக்கொண்டார். ஆனால் நான் அந்தத் தவறை டாஸுக்கு முந்தைய இடத்தில் தேடுவேன்.

மழையால் முதல் நாள் ஒரு பந்துகூட வீசவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த ஆடுகளம், மேகம் மூடிய வானம். அந்த நிலையில் இந்தியா கொடுத்த பட்டியலில் அஸ்வின், ஜடேஜா, குல்தீப் என்று மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள். வேகத்துக்கு பும்ராவும் சிராஜும் மட்டும். ஆகாஷ் தீப் வெளியே. மூன்று சுழலை வைத்துக்கொண்டு ஈரமான காலையில் பந்துவீச்சை எப்படிக் கேட்பது? தேய்ந்த ஆடுகளத்தில் நான்காவது இன்னிங்ஸில் பந்து வீச வேண்டும் என்பதற்காக எடுத்த அணி அது. பட்டியலை எழுதிய கையே பேட்டிங்கையும் எழுதிவிட்டது; நாணயம் வெறும் சாட்சி.

எதிரே சவுதி, ஹென்றி, ஓ'ரூர்க் என்று நியூசிலாந்திடம் மூன்று வேகங்கள். ஹென்றி 15 ரன்களுக்கு 5, ஓ'ரூர்க் 22 ரன்களுக்கு 4. ஐந்து பேர் பூஜ்யம். இரண்டாவது இன்னிங்ஸில் அதே அணி 462 எடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஆடுகளம் பேய் பிடித்ததாக இருக்கவில்லை, அந்தக் காலை மட்டும்தான் அப்படி.

இதற்கு நேர்மாறானது இங்கிலாந்துக்கு எதிரான 2002 லீட்ஸ் டெஸ்ட். மேகமூட்டத்தில் கங்குலி பேட்டிங் எடுத்தார். கும்ப்ளே, ஹர்பஜன் இருவரும் அணியில் இருந்தார்கள். ஆனால் அந்தக் காலையைத் தாங்குவதற்கென்றே சஞ்சய் பாங்கரைத் தொடக்க வீரராக்கியிருந்தார்கள். பாங்கர் 236 பந்துகள் நின்று 68 எடுத்தார்; திராவிடோடு சேர்ந்து 170. திராவிட், சச்சின், கங்குலி மூவரின் சதங்களைப் பேசுகிறவர்கள் அந்த 68-ஐ விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

சேப்பாக்கத்தில் டாஸ் வென்று யாராவது பந்து வீசுவார்களா? (மயிலாப்பூர்)

2024 செப்டம்பரில் வங்கதேசம் வீசியது. அதற்கு முன் 1982-இல் இங்கிலாந்தின் கீத் பிளெட்சர். அப்போது விஸ்வநாத் 222 அடித்தார். வங்கதேசத்தை எல்லோரும் கேலி செய்தார்கள், நான் செய்யவில்லை. செம்மண் ஆடுகளம், அணியில் மூன்று வேகங்கள்: முடிவும் பட்டியலும் ஒத்துப்போயின. ரோஹித், கில், கோலி, பந்த் நால்வரையும் ஹசன் மஹ்மூத் எடுத்தார். இந்தியா 144-க்கு 6. அதற்குப் பிறகு சொந்த ஊர் மண்ணில் அஸ்வின் 113, கூடவே ஜடேஜா 86. அதற்கு எந்த நாணயம் என்ன செய்யும்!

2023 ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் அஸ்வினை உட்கார வைத்தது சரியா? (மதுரை)

இல்லை. வானத்தைப் பார்த்து நான்கு வேகங்களை எடுத்தார்கள், பந்துவீச்சையும் கேட்டார்கள். ஆஸ்திரேலியா 76-க்கு 3 என்பது வரை கணக்கு சரியாகத்தான் போனது. பிறகு வெயில், ஹெட், ஸ்மித்: 285 ரன் கூட்டணி. ஆஸ்திரேலிய லெவனில் இடது கை ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். இடது கைக்காரர்களுக்கு அஸ்வின் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? கடைசி இன்னிங்ஸில் அவர்களின் சுழற்பந்து வீச்சாளர் லயன் நான்கு விக்கெட் எடுத்தார். முதல் இரண்டு மணி நேரத்துக்காக அணி எடுத்தால் மீதி நான்கே முக்கால் நாளை யார் ஆடுவது?

ஆடுகளத்தில் கேப்டன்கள் குனிந்து என்னதான் பார்க்கிறார்கள்? (திருச்சி)

உள்ளங்கையைத் தரையில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் நகம் பதிகிறதா என்று பார்ப்போம். பதிந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. புல்லில் நிறத்தைவிட வேர்ப்பிடிப்பு முக்கியம்: காய்ந்த புல் ஏமாற்றும். ஒருமுறை என் நகம் நன்றாகவே பதிந்தது. ஆனால் எங்களிடம் இருந்தது மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள். பேட்டிங் என்றேன். உணவு இடைவேளைக்குள் ஏழு விக்கெட். அதனால்தான் ரோஹித்தைத் திட்ட எனக்கு நா எழவில்லை.

டாஸில் ராசி உண்டா? (கோவை)

தென்னாப்பிரிக்கக் கேப்டனாக இருந்த டு பிளெஸிஸ் உண்டு என்று நம்பியிருப்பார். ஆசியாவில் தொடர்ந்து டாஸ் தோற்ற சலிப்பில், 2019 ராஞ்சி டெஸ்டில் தனக்குப் பதிலாக நாணயத்தை அழைக்க பவுமாவைக் கூட்டிவந்தார். பவுமாவும் தோற்றார். இந்தியா பேட்டிங். ரோஹித் 212.