வாசகர் கேள்வி: இரண்டு ரூபாய், நடுவில் ஒரு டாலர்

கே: ஓர் இந்திய ரூபாய்க்கு 3.52 இலங்கை ரூபாய் என்று இணையத்தில் காட்டியது. ஆனால் கையில் அவ்வளவு வரவில்லை. ஏன்?
- வாசகர், திருச்சி

ப: திரையில் தெரிவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளி. அந்த விலைக்கு எந்தக் கவுண்ட்டரிலும் நோட்டு தரமாட்டார்கள். தவிர, இந்த இரு ரூபாய்களுக்கும் நேரடிச் சந்தை மிகச் சிறியது. விலை டாலர் வழியாகவே உருவாகிறது.

கணக்கு இதுதான். சென்னையில் டாலர் விற்கும் விலை 86.50, கொழும்பு வங்கி டாலரை வாங்கும் விலை 297 என்று வைத்துக்கொள்வோம். (அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.) 50,000 ரூபாய்க்கு 578 டாலர். அதை 297-ஆல் பெருக்கினால் 1,71,666. திரையில் பார்த்த விலைப்படி 1,76,000 வந்திருக்கும். குறைகிற 4,300 சொச்சம் இரு கவுண்ட்டர்களுக்கும் போகிறது. பலர் சறுக்குவது பலகையில் எந்த வரிசையைப் பார்ப்பது என்பதில்தான்: சென்னையில் 'விற்பனை', கொழும்பில் 'கொள்வனவு' (வாங்கும் விலை).

டாலர் வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டி பெரிதல்ல. ஒரு லட்சம் வரை 0.18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரொக்கமாகக் கட்ட முடியாது. வங்கி வழியாகச் செலுத்த வேண்டும்.

கே: அப்படியானால் எதைக் கொண்டுபோவது?
- வாசகி, நாகப்பட்டினம்

ப: டாலர் நோட்டு. கிழிசல், பேனாக் கீறல் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள், அங்கே திருப்பிவிடுவார்கள். கட்டுநாயக்க விமான நிலைய வருகைக் கூடத்திலேயே வங்கிக் கவுண்ட்டர்கள் உண்டு. ரசீதைப் பத்திரமாக வைத்தால், மிச்சப் பணத்தைத் திரும்பும்போது அங்கேயே மாற்றலாம். இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் இலங்கை நோட்டுக்கு நல்ல விலை கிடைக்காது.

கார்டு தேய்க்கும்போது, 'இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா?' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, இலங்கை ரூபாயையே தேர்ந்தெடுங்கள். இந்திய ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்கு விலை வைக்கும். 2024 பிப்ரவரி முதல் அங்கே யுபிஐயும் உண்டு. செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள்.

கே: முன்பு இரண்டும் ஒரே மதிப்பாமே?
- வாசகர், காரைக்குடி

ப: ஆம். 1966 ஜூன் 6 வரை இரண்டுமே டாலருக்கு 4.76. அன்று இந்தியா 7.50 ஆக்கியதால் இலங்கை ரூபாயின் கை ஓங்கியது. 1967 நவம்பரில் இலங்கையும் தன் ரூபாயை இறக்கியது, ஆனாலும் 5.95 வரைதான். நிலைமை தலைகீழானது 1977 நவம்பரில். பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட இலங்கையில் டாலர் 16 ரூபாயை எட்டியது. அப்போது இந்தியாவில் 9 ரூபாய்கூட இல்லை. இலங்கை ரூபாயின் அடுத்த பெரும் சரிவு 2022-இல். அந்நியச் செலாவணி வற்றிய நிலையில், 200 ரூபாயை ஒட்டிப் பிடித்துவைத்திருந்த டாலரை மார்ச்சில் விட்டார்கள். மே மாதத்துக்குள் அது 360-ஐத் தொட்டது. அந்த இரண்டு மாதத்தில் ஓர் இந்திய ரூபாயின் விலை சுமார் 2.70-இலிருந்து 4.60 ஆனது.