கேள்வி பதில்: இருட்டில் மினுங்கும் இறால்

குருநகர்த் தம்பி: முந்தநாள் வாங்கின இறால் பிரிட்ஜுக்குள்ளை நீலமாய் மினுங்குது. நஞ்சோ அக்கா?

அந்த வெளிச்சம் நஞ்சில்லை. கடல் தண்ணியிலை வாழுற ஒளிவிடும் பற்றீரியா அது. குளிரிலும் பெருகிற இனங்கள் இருக்கு. ஆனால் கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு வந்திட்டுதெண்டால் மற்றக் கிருமிகளும் பெருகியிருக்கும். கொட்டிவிடுங்கோ. கையிலை வெட்டுக்காயம் இருந்தால் உறை போடுங்கோ. இவையின்ரை உறவான விப்ரியோ சிலது காயத்துக்குள்ளை போனால் பொல்லாதது, சீனி வருத்தக்காரருக்கு இன்னும் மோசம்.

தங்கச்சி ஒருத்தி: கொஞ்சமாய் இருந்தால் ஏன் மினுங்காது?

இதைத்தான் ஒருத்தரும் கேக்கேல்லையே எண்டு பாத்துக்கொண்டிருந்தன்! ஒவ்வொரு பற்றீரியாவும் ஒரு சின்ன இரசாயனத்தை வெளியிலை விடும். திறந்த கடலிலை அது கரைஞ்சு போகும். நெருக்கமாய்க் கூடினால் செறிவு ஏறி, ஒரு அளவைத் தாண்டினதும் எல்லாம் சேர்ந்து ஒளியை உண்டாக்கிற லூசிபெரேசு நொதியத்தைச் செய்யத் தொடங்கும். 1970இலை விஞ்ஞானிகள் இதைக் கண்டறிஞ்சு எழுதினவை.

அந்த நெருக்கத்தைக் காரல் மீனுக்குள்ளை பாக்கலாம். சொதிக்கு வெட்டேக்கை தொண்டைக்குழாயைச் சுத்தி ஒரு வெளிறின வளையம் இருக்கும், பற்றீரியா நெருங்கி வாழுறது அதுக்குள்ளைதான். புது மீனெண்டால் விளக்கை அணைச்சுப் பாருங்கோ, கத்தி நுனியிலை நீலப்பச்சை ஒட்டியிருக்கும். அந்த ஒளி வயித்துப் பக்கமாய்க் கசிஞ்சு, கீழையிருந்து பாக்கிற எதிரிக்கு மீனின்ரை நிழலை மறைக்கும்.

ஐயா ஒருவர்: இது வெறும் பொசுபரசு. நாங்கள் சின்னனிலேயே கேள்விப்பட்டது.

இல்லை ஐயா. கிரேக்கத்திலை அந்தப் பேருக்கு ஒளி தாங்கி எண்டுதான் அர்த்தம். 1669இலை கண்டுபிடிச்ச மூலகத்துக்கும் வைச்சினம், ஒரு பற்றீரியாவுக்கும் வைச்சினம். குழப்பம் அங்கைதான்.

அதே ஐயா: பேரை விடுங்கோ, ஆதாரம்?

மினுங்கிற மீனிலை ஒரு துளி எடுத்து, உப்புத்தண்ணியிலை நனைச்ச வேறை மீனிலை தடவி, குளிரான இடத்திலை வையுங்கோ. ஒண்டிரண்டு நாளிலை அதுவும் மினுங்கும். பொசுபரசு குட்டி போடாது. சூடாக்கினால் அணைஞ்சுபோம், ஏனெண்டால் உயிர் செத்துப்போச்சு.

இன்னொருத்தர்: பண்ணைப் பாலத்தடியிலை கடல் தண்ணிக்குள்ளை கால் வைக்க மின்னினது?

அது பெரும்பாலும் நொக்டிலூக்கா, ஒற்றைக்கல உயிர். தட்டினால் பளிச்சிட்டு அணையும். பற்றீரியா தட்டாமலே விடாமல் ஒளிரும்.

இன்னொருத்தர்: மினுங்கிற இறாலைக் கழுவிச் சமைக்கலாமோ?

முதல் பதிலை வாசியுங்கோ.

இன்னொருத்தர்: கணவாய் மினுங்குது, நஞ்சோ?

அதேதான். முதல் பதில்.

அதே ஐயா: நாளைக்கே செய்து பாக்கிறன்.

செய்யுங்கோ ஐயா, வந்து எழுதுங்கோ. கையிலை காயமில்லையெண்டு பாத்திட்டுத் தொடுங்கோ.