ஆப்பிரிக்காவில் அமைதிப் போராட்டங்களால் ஆட்சி உண்மையிலேயே மாறுகிறதா?

மாறுகிறது, ஆனால் போராட்டத்தால் மட்டும் அல்ல. லைபீரியாவைப் பாருங்கள்.

2003-இல் உள்நாட்டுப் போர் தலைநகர் மன்ரோவியாவை நெருங்கிவிட்டது. அமைதிச் செயற்பாட்டாளர் லேமா போவி தலைமையில் கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்கள் வெள்ளை உடை உடுத்தி, போரை நிறுத்தக் கோரி மீன் சந்தை அருகே தினமும் போய் உட்கார்ந்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகனங்கள் கடந்துபோகும் சாலை அது. வெயில், மழை எதற்கும் அவர்கள் அசையவில்லை. ஏப்ரலில் டெய்லர் அவர்களைச் சந்தித்தார்.

அப்புறம் கானாவின் அக்ரா நகரில் டெய்லர் அரசுக்கும் கிளர்ச்சிப்படைகளுக்கும் இடையே பேச்சுவார்த்தை தொடங்கியது. அது வாரக்கணக்கில் இழுத்தது. ஊரில் குண்டு விழுகிறது, பேச வந்த தலைவர்களோ ஓட்டலில் பதவிப் பங்கீடு பேசுகிறார்கள்! பெண்கள் மண்டப வாசலிலேயே உட்கார்ந்து, உள்ளே இருந்தவர்களை வெளியே விடவில்லை. கைதுசெய்ய வந்தவர்கள் முன் போவி தன் உடையைக் களையப் போவதாக மிரட்டினார். தாய் போன்ற ஒருத்தி அப்படிச் செய்வது அங்கே பெரும் சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் டெய்லர் பதவி விலகினார், அமைதி ஒப்பந்தமும் கையெழுத்தானது.

சரி, பெண்கள் உட்கார்ந்ததால்தான் டெய்லர் பதவி விலகினாரா? கிளர்ச்சிப்படைகளின் முற்றுகை, அண்டை நாடான சியரா லியோனின் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் டெய்லர்மேல் சுமத்திய குற்றச்சாட்டு, வெளிநாட்டு நெருக்கடி எல்லாம் சேர்ந்தே நெருக்கின. பெண்களின் பங்கு, பேச்சை முறியவிடாமல் பிடித்துவைத்தது என்பேன்.

ஆட்சியில் அவர்களின் தடம் 2005 தேர்தலில் தெரிந்தது. பெண்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய வீதிவீதியாக அலைந்தார்கள். எலன் ஜான்சன் சர்லீஃப் என்ற பெண் அதிபராக வென்றார். 2012-இல் அவருடைய அரசையே விமர்சித்து, நாட்டின் நல்லிணக்க முயற்சியின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார் போவி.